கையில்லாத தொலைபேசி

கள்ளக்குறிச்சிக்குப் பக்கத்தில், சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் அரிசி ஆலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்டிலிருந்து அலுவலக அறைக்கு 200 மீட்டர். நடுவில் எடைமேடை, நெல் காயும் களம், குடோன். இரவு பதினொரு மணிக்கு லாரி வந்து நிற்கிறது. டிரைவர் கேட்டுத் தூணில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறார். உள்ளே மேனேஜரின் மேசைத் தொலைபேசி அடிக்கிறது.

"சார், சங்கராபுரத்துலேருந்து நெல்லு லோடு வந்திருக்கு. கேட்டைத் திறந்து விடுங்க."

மேனேஜர் 9ஐ அழுத்துகிறார். கேட்டில் 'டக்' என்று பூட்டு விடுகிறது. அவர் ரிசீவரை வைத்துவிட்டுக் கணக்குப் பார்க்கப் போய்விடுகிறார்.

டிரைவரைப் பொறுத்தவரை அது ஒரு காலிங் பெல். தாம் பேசியது தொலைபேசியில் என்பது அவருக்குத் தெரியாது. அதனால் தொலைபேசி வைத்திருப்பவர் வழக்கமாகச் செய்யும் எதையும் அவர் செய்யவில்லை. ரிசீவரை எடுக்கவில்லை, எண்ணைச் சுழற்றவில்லை, பேசி முடித்ததும் வைக்கவும் இல்லை. இத்தனையையும் தூணில் பதித்த 'டோர் போன்' பெட்டி தானாகவே செய்தாக வேண்டும். டோர் போனை அலுவலகத் தொலைபேசியோடு இணைப்பதில் வரும் சிக்கல்கள் எல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் கிளம்புகின்றன. தொலைபேசியை வடிவமைத்தவர்கள் அதன் இரு முனையிலும் ஒரு மனிதர் இருப்பார் என்று நம்பித்தான் வடிவமைத்தார்கள்.

நடுவில் இருந்த மனிதர் முன்னமே போய்விட்டார். 1880களின் தொடக்கத்தில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி கல்கத்தா, பம்பாய், சென்னையில் எக்ஸ்சேஞ்சுகளைத் தொடங்கியபோது, ஒரு லைனை இன்னொரு லைனோடு செருகி இணைக்க ஆள் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் சவ அடக்கத் தொழில் செய்துவந்த ஆல்மன் ஸ்ட்ரோஜர் 1891இல் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கடுத்த ஆண்டே இண்டியானா மாநிலத்தின் லா போர்ட் நகரில் அது வேலைக்கு வந்தது. இந்தியச் சிற்றூர்களுக்கு இந்த வசதி பரவலாக வந்தது 1984 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சி-டாட் நிறுவனத்துக்குப் பிறகு. 128 இணைப்புகள் கொண்ட அலுவலக எக்ஸ்சேஞ்சு அதன் தொடக்ககாலப் பொருள்களில் ஒன்று. அதே அளவிலான கிராமத் தானியங்கி எக்ஸ்சேஞ்சு 1986இல் கர்நாடகத்தின் கிட்டூரில் நிறுவப்பட்டது. குளிர்சாதனம் இல்லாமல் நம் ஊர்ச் சூட்டையும் புழுதியையும் தாங்க வேண்டும் என்பது அதற்கு வைத்த நிபந்தனை. இன்று ஆலை, ஆஸ்பத்திரி, லாட்ஜ் எங்கும் சுவரில் தொங்கும் இபிஏபிஎக்ஸ் என்னும் அலுவலக எக்ஸ்சேஞ்சுப் பெட்டியும் அதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்கிறது.

எடுப்பது

இபிஏபிஎக்ஸிலிருந்து ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு ஜோடிச் செம்புக் கம்பி போகிறது. பொது எக்ஸ்சேஞ்சில் அந்த ஜோடியில் எப்போதும் 48 வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். சிறிய இபிஏபிஎக்ஸ் பெட்டிகள் சில 24 வோல்ட்டோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. ரிசீவர் வைத்த இடத்தில் இருக்கும்வரை சுற்று திறந்திருக்கும், மின்னோட்டம் ஓடாது. ரிசீவரை எடுத்தால் உள்ளே இருக்கும் சுவிட்சு சுற்றை மூடுகிறது. ஏறக்குறைய 25 மில்லி ஆம்பியர் ஓடத் தொடங்குகிறது. "ஆள் வந்துவிட்டார்" என்று பெட்டி தெரிந்துகொள்வது இந்த ஓட்டத்தை வைத்துத்தான். உடனே டயல் டோன் கொடுக்கிறது.

கேட்டுப் பொத்தானுக்குப் பின்னால் இருப்பதும் இதே சுவிட்சுதான். அழுத்தினால் சுற்று மூடும். ஆனால் டிரைவர் எண் எதையும் அழுத்தப் போவதில்லை. அதனால் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். டோர் போனே நினைவில் வைத்திருக்கும் எண்ணை ஒலித்து அனுப்பும். அல்லது "இந்த எக்ஸ்டென்ஷன் எடுக்கப்பட்டால் நேராக மேனேஜர் மேசைக்கு அடி" என்று இபிஏபிஎக்ஸிடம் சொல்லி வைப்பார்கள். பின்னதற்கு ஹாட்லைன் என்று பெயர். அனுபவமுள்ள டெக்னீஷியன் இதைத்தான் விரும்புவார். வாசலில் நிற்பவர் காதுக்கு டயல் டோன் போகவே கூடாது என்பது அவர் கணக்கு. காரணம் பின்னால் வரும்.

உள்ளேயிருந்து கேட்டைக் கூப்பிடுவதும் உண்டு. அப்போது இபிஏபிஎக்ஸ் அந்த ஜோடியில் மணியடிக்கும் மின்னழுத்தத்தை ஏற்றுகிறது. ஏறத்தாழ 75 வோல்ட், நொடிக்கு 25 சுழற்சி கொண்ட மாறுமின்னழுத்தம். எடுக்க அங்கே ஆள் இல்லாததால், அது வந்த மாத்திரத்தில் டோர் போன் தானே சுற்றை மூடிக்கொள்ளும்.

கடையில் டோர் போன் என்று விற்பதையெல்லாம் இப்படி மாட்டிவிட முடியாது. வீட்டுக் கதவுக்கான நான்கு கம்பி இன்டர்காமில் மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் தனித்தனிக் கம்பிகள், தனி அடாப்டர். அதை எக்ஸ்டென்ஷன் முனையில் நேராகக் கொடுத்தால், முதல் மணி அடிக்கும்போதே அந்த 75 வோல்ட் அதன் பெருக்கியைச் சுட்டுவிடக்கூடும். அதற்கு நடுவில் ஓர் இடைமுகப் பெட்டி வேண்டும். அல்லது இபிஏபிஎக்ஸிலேயே டோர் போனுக்கென்று தனி கார்டு இருக்க வேண்டும்.

பேசுவது

இரண்டே கம்பியில் போகிற பேச்சும் வருகிற பேச்சும் ஒன்றாகவே ஓடுகின்றன. மேசைத் தொலைபேசியில் 'ஹைப்ரிட்' என்னும் சமன்சுற்று நம் குரலைப் பெருமளவு கழித்துவிட்டு எதிர்முனைக் குரலைக் காதுக்குத் தருகிறது. கழிக்காமல் விடுகிற மிச்சம் சிறிதுதான். ரிசீவர் காதை ஒட்டியிருப்பதால் அது தொந்தரவு செய்வதில்லை.

கேட்டில் நிலைமை வேறு. ஸ்பீக்கரும் மைக்கும் ஒரே தகட்டுக்குப் பின்னால், ஒரு சாண் இடைவெளியில். லாரி ஓரத்தில் நிற்பவருக்குக் கேட்க வேண்டுமென்று ஒலியைக் கூட்டினால், ஸ்பீக்கரில் வருவது மைக்கில் புகுந்து, பெருகி, மீண்டும் ஸ்பீக்கருக்கு வருகிறது. கல்யாண மண்டபத்து மைக்செட் போலக் கிறீச்சிடும். இதைத் தவிர்க்க, பெரும்பாலான டோர் போன்கள் ஒரு சமயத்தில் ஒரு திசையை மட்டும் திறந்து வைக்கின்றன. எந்தப் பக்கம் சத்தம் அதிகமோ அந்தப் பக்கம் பேசலாம், மற்றது தணிக்கப்படும்.

நேரில் பேசும்போது யார் பேசுவது, யார் நிறுத்துவது என்பதை முகத்தைப் பார்த்தே தீர்மானிக்கிறோம். இங்கே அதைத் தீர்மானிப்பது சத்தத்தின் அளவு. லாரி எஞ்சினை அணைக்காமல் டிரைவர் பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும்? எஞ்சினின் உறுமலை ஒரு பேச்சாளராக எடுத்துக்கொண்டு கருவி வாசல் பக்கத்தையே திறந்து வைக்கும். மேனேஜர் கத்தினாலும் டிரைவருக்குக் கேட்காது. "டோர் போன் வேலை செய்யலை" என்று புகார் வரும். டெக்னீஷியன் பகலில் வந்து பார்த்தால் நன்றாகவே பேசும். எஞ்சின் ஓடும் லாரியோடுதான் இதைச் சோதிக்க வேண்டும். மைக்கின் உணர்திறனைக் குறைத்தோ, லாரி நிற்கும் திசையிலிருந்து முகப்பைத் திருப்பி வைத்தோதான் சரிசெய்ய முடியும்.

திறப்பது

மேனேஜர் 9ஐ அழுத்தும்போது கம்பியில் 852 ஹெர்ட்ஸும் 1477 ஹெர்ட்ஸும் ஒன்றாக ஒலிக்கின்றன. ஒவ்வொரு பொத்தானுக்கும் இப்படி இரண்டு ஒலிகள். வரிசைக்கு ஒன்று, நிரலுக்கு ஒன்று. பெல் நிறுவனம் 1963 நவம்பரில் பென்சில்வேனியாவின் கார்னகி, கிரீன்ஸ்பர்க் ஊர்களில் இதை வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது. இந்த அலைவெண்களில் ஒன்றுகூட இன்னொன்றின் மடங்காக வராது. மனிதக் குரலில் அடிப்படை அலையோடு அதன் மடங்குகளும் சேர்ந்தே வரும். குரலைப் பொத்தான் என்று கருவி தவறாக எண்ணிவிடக் கூடாது என்பதற்காகச் செய்த தேர்வு இது. ஒலியைப் புரிந்துகொள்ளும் சில்லுகளில் பெயர்பெற்ற எம்டி8870, 3.579545 மெகாஹெர்ட்ஸ் படிகத்தில் ஓடுகிறது. இந்த விசித்திரமான எண் அமெரிக்கக் கலர் டிவிக்காக ஏற்பட்டது. டிவிக்காக லட்சக்கணக்கில் தயாரானதால் விலை மலிந்த படிகத்தைத் தொலைபேசிக்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள்.

கட்டளையும் பேச்சும் ஒரே கம்பியில் போவது சிக்கனம். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது. அமெரிக்காவின் பழைய தொலைதூர லைன்களில் 2600 ஹெர்ட்ஸ் ஒலி வந்தால் "இந்த லைன் காலி" என்று பொருள். 1950களின் பிற்பாதியில் பார்வையற்ற சிறுவன் ஜோ எங்ரெஸியா அந்தச் சுருதியில் சீழ்க்கையடித்தால் லைன் துண்டிக்கிறது என்று கண்டுகொண்டான். பின்னாளில் பலர் இதே வழியில் காசு கொடுக்காமல் தொலைதூரம் பேசினார்கள். எக்ஸ்சேஞ்சுக்கு ஒலி தெரியும். அதை எழுப்புவது யார் என்பது தெரியாது.

கேட்டிலும் அதே ஆபத்து இருக்கிறது. ஒருவர் பொத்தானை அழுத்திவிட்டு, தம் செல்போனில் 9க்கு உரிய ஒலியை மைக்கின் முன் ஒலிக்க விட்டால்? மலிவான கருவி அதை உள்ளேயிருந்து வந்த உத்தரவாக எடுத்துக்கொண்டு கதவைத் திறந்துவிடலாம். நல்ல கருவி லைனிலிருந்து வரும் ஒலிக்கு மட்டும் செவிகொடுக்கும். தன் மைக்கில் புகுந்ததைப் பொருட்படுத்தாது. திறக்கும் எண்ணை ஓரிலக்கமாக வைக்காமல் நான்கு இலக்கமாக வைப்பதும் உதவும். டயல் டோனை வாசலுக்கு விடக் கூடாது என்றதன் காரணமும் இதுவே. டோன் கிடைத்தால், அதே செல்போன் தந்திரத்தால் ஆலையின் செலவில் வெளியூருக்குப் பேசலாம். கேட்டு எக்ஸ்டென்ஷனுக்கு வெளி லைன் கிடைக்காதபடி இபிஏபிஎக்ஸில் அடைத்துவிட வேண்டும்.

உத்தரவு போய்ச் சேர்ந்துவிட்டது. பூட்டை இயக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது? இங்கே ஒரு சின்னக் கணக்குப் போடலாம். 0.5 மில்லிமீட்டர் தொலைபேசிக் கம்பியின் மின்தடை கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 88 ஓம். கேட்டுக்குப் போக 200 மீட்டர், திரும்பி வர 200 மீட்டர். மொத்தம் 35 ஓம். பேச்சுக்கான 25 மில்லி ஆம்பியர் இதில் ஓடினால் இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. 48 வோல்ட்டில் அது பொருட்டே இல்லை.

இனி 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் இழுக்கும் காந்தப் பூட்டை அதே கம்பியின் மற்றொரு ஜோடியில் மாட்டிப் பாருங்கள். அதன் சுருளின் தடை 24 ஓம். கம்பியின் 35 ஓமும் சேர்ந்தால் 59 ஓம். ஓடுவது 0.2 ஆம்பியர்தான். காந்தத்தின் பிடிப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், தோராயமாக ஆறில் ஒரு பங்குப் பிடிப்பே மிஞ்சும். தோள் கொடுத்துத் தள்ளினால் கதவு திறந்துவிடும். குரலைச் சுமக்கிற கம்பி பூட்டைச் சுமக்காது. ஆகவே பூட்டின் பவர் சப்ளையும் பேட்டரியும் கேட்டுப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். டோர் போனில் உள்ள ரிலே அந்தச் சுற்றைத் திறந்து மூடினால் போதும். சுருளின் குறுக்கே ஒரு டையோடு போடவும் மறக்கக் கூடாது. மின்னோட்டம் நிற்கும் கணத்தில் சுருள் கிளப்பும் உயர் மின்னழுத்தம் ரிலேயின் முனைகளைத் தீய்த்துவிடும்.

காந்தப் பூட்டு கரண்ட் போனால் திறந்துகொள்ளும். நிலையில் பதிக்கும் 'ஸ்ட்ரைக்' வகைப் பூட்டில் பெரும்பாலானவை கரண்ட் போனாலும் பூட்டியே இருக்கும். நெல் குடோனுக்கு எது, மாணவர் விடுதிக்கு எது என்பதில் குழப்பம் கூடாது. தீ விபத்தில் ஆட்கள் வெளியேற வேண்டிய வாசல், மின்சாரம் இல்லாதபோதும் உள்ளிருந்து திறந்தாக வேண்டும்.

மரக்கதவு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. செதுக்கு வேலை செய்த கதவுகளுக்கு இங்கே மதிப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மரம் ஊதும். ஊதிய கதவு தாழ்நாக்கை ஸ்ட்ரைக்கின் மேல் அழுத்திப் பிடிக்கும். சோலனாய்டு 'டக்' என்று சத்தம் மட்டும் போடும், கதவு நகராது. தொலைபேசியில் கோளாறு தேடிப் பயனில்லை. தச்சரைக் கூப்பிட்டு ஓரத்தில் ஓர் இழைப்பு இழைத்தால் தீர்ந்தது.

வைப்பது

பேச்சை முடிப்பதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. மேனேஜர் ரிசீவரை வைத்துவிட்டார். டிரைவர் லாரியை உள்ளே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கேட்டுப் பெட்டியில் இருக்கும் சுவிட்சு இன்னும் மூடியே இருக்கிறது. 25 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கிறது. இபிஏபிஎக்ஸின் பார்வையில் கேட்டு எக்ஸ்டென்ஷன் எடுத்து வைத்தபடி கிடக்கிறது. அடுத்த லாரி வந்து பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது.

பேச்சு முடிந்தது என்று பெட்டிக்குத் தெரிவிக்கச் சில வழிகள் உண்டு. சில இபிஏபிஎக்ஸ்கள் எதிர்முனை வைத்ததும் லைன் மின்னோட்டத்தை ஒரு கணம் துண்டிக்கும். சில அதன் துருவத்தை மாற்றும். இவை தெளிவான அடையாளங்கள். பல சிறிய பெட்டிகள் இவை எதையும் செய்யாமல் எங்கேஜ் டோனை மட்டும் ஒலிக்கும். மனிதக் காதுக்கு அது போதும். எந்த நாட்டு எங்கேஜ் டோனையும் இரண்டு நொடியில் புரிந்துகொள்வோம். கருவிக்கு அளவு சொல்ல வேண்டும். இந்தியாவில் எங்கேஜ் டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலித்து 0.75 நொடி ஓயும். பிரிட்டனிலும் அதே 400 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அதில் பாதி நேரம், 0.375 நொடிக்கு 0.375 நொடி. அமெரிக்காவில் 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து அரை நொடிக்கு அரை நொடி.

அமெரிக்க அளவோடு வந்த டோர் போனை நம் ஊர் இபிஏபிஎக்ஸில் மாட்டினால் என்ன நடக்கும் என்று இப்போது ஊகிக்கலாம். அடிக்கும், பேசும், திறக்கும். எல்லாம் சரியாக இருக்கிறதென்று டெக்னீஷியன் கிளம்பிவிடுவார். இரண்டாவது ஆள் வந்து அழுத்தும்போதுதான் லைன் செத்துக் கிடப்பது தெரியும். கருவியில் டோனின் அலைவெண்ணையும் கால அளவையும் மாற்றும் வசதி இருந்தால் இந்திய அளவைப் போட வேண்டும். இல்லாவிட்டால் இபிஏபிஎக்ஸின் டோனைக் கருவிக்கு ஏற்ப மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டும் முடியாதபோதும் கைகொடுப்பது டைமர். பேச்சுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துவிட்டால், டோன் புரிந்தாலும் புரியாவிட்டாலும் அதன் பிறகு சுற்று திறந்துகொள்ளும்.

மலையேறினால்

இதே அமைப்பைக் கல்வராயன் மலையில், வெள்ளிமலைப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்கோ சுகாதார நிலையத்துக்கோ கொண்டுபோனால் ஒரு நன்மையும் ஒரு தீமையும் உண்டு. செல்போனுக்குப் படம் அனுப்பும் நவீன வாசல்மணிகளுக்கு இணையம் வேண்டும். மலை முகடு கோபுரத்தை மறைத்தால் சிக்னல் விழாது, அவை ஊமையாகிவிடும். கட்டடத்துக்குள் ஓடும் செம்பு ஜோடிக்குக் கோபுரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். ஒரு பேட்டரி இருந்தால் போதும்.

தீமை இடி. சித்திரை, வைகாசியில் சமவெளியின் சூடான ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறிக் குளிர்ந்து, பிற்பகலில் இடிமேகமாகத் திரளும். மின்னல் கம்பியின் மேலேயே விழ வேண்டியதில்லை. பக்கத்தில் விழுந்தாலே நீண்ட ஜோடியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தூண்டிவிடும். கேட்டுத் தூணும் கட்டடமும் வெவ்வேறு இடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தால் இன்னும் மோசம். அந்த மைக்ரோ நொடிகளில் இரண்டு எர்த்துக்கும் இடையே பெரிய மின்னழுத்த வேறுபாடு எழும். அதைச் சமன்செய்ய மின்னோட்டம் தேடிப்பிடிக்கும் பாதை நம் தொலைபேசிக் கம்பி. முதலில் சாவது இபிஏபிஎக்ஸின் எக்ஸ்டென்ஷன் கார்டு.

வழக்கமான மருந்து, ஜோடியின் இரு முனையிலும் வாயுக்குழாய்க் காப்பான். ஏறக்குறைய 230 வோல்ட் வரை அது சும்மா இருக்கும். அதைத் தாண்டினால் உள்ளிருக்கும் வாயு மின்கடத்தியாகி, பாய்ச்சலை எர்த்துக்குத் திருப்பிவிடும். மணியடிக்கும் 75 வோல்ட்டுக்கும் 48 வோல்ட்டுக்கும் இடைஞ்சல் இருக்காது. ஆனால் எர்த் சரியாக இல்லாவிட்டால் இந்தக் காப்பான் வெறும் அலங்காரம். கல்வராயன் மலையில் சார்னோகைட், நைஸ் போன்ற கடும்பாறைகளே மிகுதி. மண் மெல்லியதாக இருக்கும் இடத்தில் ஒரு குழாயை இறக்கிக் கரியும் உப்பும் போட்டு முடிக்கிற சமவெளி முறை அங்கே பலிக்காது. ஈர மண் இருக்கும் தாழ்ந்த இடம் தேடி, பல மின்முனைகளைப் பட்டையால் இணைத்து, கட்டடத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே எர்த்தாக ஆக்க வேண்டும். தூரம் அதிகமென்றால் கேட்டுக்கும் கட்டடத்துக்கும் நடுவில் ஃபைபர் போடுவதே உத்தமம். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது.

ஃபைபர் என்றால் டோர் போனும் ஐபி வகையாக மாறுகிறது. 2002இல் இன்றைய வடிவம் பெற்ற சிப் (SIP) நெறிமுறையில் பேசும் கருவிகள் இவை. இவற்றில் பேச்சு வேறாகவும் கட்டளை வேறாகவும் போகின்றன. 9ஐ அழுத்தியதை ஒலியாக அனுப்பினால் ஜி.729 போன்ற குரல் சுருக்க முறைகள் அதைச் சிதைத்துவிடும். அதனால் "9 அழுத்தப்பட்டது" என்ற செய்தியாகவே அனுப்புகிறார்கள். வாசலில் யாரும் செல்போனை ஒலிக்கவிட்டு ஏமாற்றுவது கடினம். பேச்சை முடிக்கவும் 'பை' என்று ஒரு தனிச் செய்தி இருக்கிறது. எங்கேஜ் டோனை ஊகிக்கும் வேலையே இல்லை. நூறாண்டு மனிதர் கையில் இருந்த வேலைக்கு நெறிமுறையில் ஓர் இடம் கிடைத்துவிட்டது.

ஆனால் புதிய கம்பிக்குப் புதிய எல்லை. ஈதர்நெட் செம்புக் கம்பி 100 மீட்டருக்கு மேல் போகாது. நம் ஆலையின் கேட் 200 மீட்டரில் இருக்கிறது. நடுவில் ஒரு ஸ்விட்சு வைக்க வேண்டும். அதற்கு மின்சாரமும் மழை படாத பெட்டியும் வேண்டும். ஃபைபரானாலும் கேட்டு முனையில் மின்சாரம் வேண்டும். கரண்ட் போன ராத்திரியில் எது எது உயிரோடு இருக்கும் என்று கேட்டுப் பார்த்தால், சில ஆலைகளுக்குப் பழைய ஜோடிக் கம்பியே இன்றும் சரியான விடையாக இருக்கும்.

எந்த வகையைப் பொருத்தினாலும் சோதனையைப் பேசிப் பார்ப்பதோடு முடித்துவிடக் கூடாது. ஒருவர் அழுத்தட்டும், உள்ளே இருப்பவர் பேசித் திறந்துவிட்டு வைக்கட்டும். வாசலில் இருப்பவர் எதையும் தொடாமல் நகர்ந்துவிட, இன்னொருவர் வந்து அழுத்தட்டும். இரண்டாவது முறையும் மணி அடித்தால்தான் வேலை முடிந்தது. அதன் பிறகே டெக்னீஷியனுக்குக் கூலி கொடுக்கலாம்.